பூனை நடந்த பெயர்

"அந்த பிளக்கைப் பிடுங்காதீங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே மகள் கட்டிங் டேபிளைச் சுற்றி ஓடி வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் மாஸ்டர் பிடுங்கிவிட்டார்.

லேப்டாப் பொசுக்கென்று இருண்டது. அதன் பேட்டரி செத்து வெகுகாலம். ஒயர் இருந்தால் உயிர், ஒயர் போனால் வெறும் பலகை. கடையில் ஒழுங்காக வேலை செய்கிற பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்றுதான். கடை திறந்த நாளிலிருந்து அது அயர்ன் பாக்ஸுக்கு உரியது என்பது மாஸ்டரின் கட்சி.

"சட்டையை வாங்க ஆள் வரப்போறாரு. உன் பொட்டியை அப்புறம் பாரு" என்றார் அவர்.

"நம்ம வெப்சைட்டுப்பா. பாதியில நிக்குது."

"அது வெளியில எங்கயோ வாடகைக்கு எடம் பிடிச்சு வெச்சிருக்கேன்னு சொன்னியே. அங்க இருக்கிறது இந்த பிளக்கைப் பிடுங்கினா எப்படி நிக்கும்?"

மகளிடம் இதற்குப் பதில் இருந்தது. பொறுமைதான் இல்லை. பிளக்கைத் திரும்பச் சொருகிவிட்டு, லேப்டாப் கண் விழிக்கும் வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே தூறல். ஷட்டரின் விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர், வாசலில் மாஸ்டர் வைத்திருந்த பெயின்ட் டப்பாவில் விழுந்து டொக் டொக் என்றது.

ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த மாஸ்டரின் மனைவி கிழிசலக்கா இந்தச் சண்டையில் தலையிடவில்லை. அவள் மடியில் ஓர் ஓட்டல் கோட்டு இருந்தது. கருநீலம். முழங்கைப் பக்கம் ஆணியில் மாட்டி ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கோட்டின் உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை ஊசி முனையால் உருவி எடுத்து, கிழிந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்துக்கொண்டிருந்தாள். கோர்த்து முடித்து, ஈரத்துணி போட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்தால், கிழிந்தது எந்தக் கை என்று கோட்டின் சொந்தக்காரரே குழம்பிப் போவார்.

கடையின் போர்டில் 'மாஸ்டர் ஆல்ட்ரேஷன்ஸ்' என்று இருக்கும். பேண்ட் சுருக்குவது, ஜிப் மாற்றுவது, இடுப்பு விரிப்பது எல்லாம் மாஸ்டரின் வேலை. ஆனால் கிழிந்ததைக் கொண்டு வருகிறவர்கள் போர்டைப் பார்ப்பதில்லை. வாசலில் நின்று, "கிழிசலக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். யார் வைத்த பெயரோ, ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. மாஸ்டருக்குத்தான் அந்தப் பெயரைக் கேட்டாலே பல்லில் மணல் கடிபட்டது போல இருக்கும். அவர் அவளை 'இந்தாம்மா' என்பார். கோபம் வந்தால் 'இந்தா'. அதைத் தாண்டி அவர் வாயில் அவளுக்குப் பெயர் கிடையாது.

அவள் போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"நான் ஓட்டல்லேர்ந்து பேசறேன். கோட்டு ரெடி ஆயிடுச்சா?"

"ஆகிட்டே இருக்கு மேடம்."

"கோட்டு இருக்கட்டும். உங்க வெப்சைட் ஏன் திறக்கல?"

ஊசி நின்றது. "எங்க வெப்சைட்டா?"

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே திறந்துச்சு. அந்த லிங்க்கைத்தான் எங்க பெரியவருக்கு அனுப்பியிருக்கேன். யூனிஃபார்ம், திரைச்சீலை, மேசை விரிப்பு, எல்லாம் சேர்த்து வருஷம் முழுக்க உங்களுக்கே குடுக்கலாம்னு பேசி வெச்சிருக்கேன். மூணு மணிக்கு அவர் உக்கார்றார். அவர் அழுத்தும்போது அது திறக்கலைன்னா, அவருக்குத் தெரிஞ்ச லாண்டரி ஒண்ணு இருக்கு, அதுக்குத் தள்ளி விட்டுடுவாரு. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"மேடம், ஒரு நிமிஷம். அந்த வெப்சைட்டுல என்ன இருந்துச்சு?"

"உங்க கடை, என்னைக் கேக்கறீங்க? ஒரே பக்கம். மேல ஓட்டை விழுந்த கோட்டு. கீழ அதே கோட்டு, ஓட்டை இல்லாம. உங்க போன் நம்பர். அதைப் பார்த்துத்தானே உங்களைத் தேடி வந்தேன். மூணு மணி, ஞாபகம் வெச்சுக்குங்க."

போன் அணைந்தது. கிழிசலக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: "ஏன்டி, நம்ம வெப்சைட் இன்னும் வெளியிலயே வரலையே. அது எப்படி நேத்து வரைக்கும் திறந்துச்சாம்?"

கொஞ்ச காலமாகவே அவளுக்கு இப்படி ஒரு சந்தேகம் உண்டு. பழக்கமில்லாத முகங்கள், எங்கெங்கிருந்தோ பையில் சுற்றிய துணியோடு வந்து நிற்பார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "நெட்ல பார்த்தோம்" என்பார்கள். எந்த நெட், எந்த இடம் என்று துருவினால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அவளும் மேற்கொண்டு கேட்காமல் துணியை வாங்கிக்கொள்வாள். இப்போது அந்த நெட்டில் ஓட்டை விழுந்திருந்தது.

மகளின் முகம் மாறியிருந்தது. "அம்மா, நான் காலையில ஒண்ணை அழிச்சேன்" என்றாள்.

"எதை?"

"சித்தப்பா அந்தக் காலத்துல நெட்ல கடைக்குன்னு ஒரு பேர் வாங்கி வெச்சிருந்தாருன்னு கேள்விப்பட்டேன்ல. கடை ஈமெயில்லதானே வாங்கியிருப்பாருன்னு அதை வெச்சு, பேர் விக்கிற கம்பெனியில புது பாஸ்வேர்டு போட்டு அந்தக் கணக்குக்குள்ள போனேன். 'மாஸ்டர் ஆல்ட்ரேஷன்ஸ்'னு ஒரு பேரும் இல்ல. ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு. எக்ஸு, என்னு, ரெண்டு கோடு, அப்புறம் பூனை கீபோர்டு மேல நடந்துபோன மாதிரி எழுத்து. எவனோ திருடன் உள்ள பூந்து எதையோ பதுக்கி வெச்சிருக்கான்னு நினைச்சு, அதுக்குள்ள இருந்த நம்பரை எல்லாம் துடைச்சிட்டேன்."

"துடைச்சிட்டியா?"

"சுத்தமா."

மாஸ்டர் அயர்ன் பாக்ஸைத் தூக்கினார், வைத்தார். எதிரே துணி எதுவும் இல்லை. கிழிசலக்கா அதைக் கவனித்தாள். இப்போது கேட்பதற்கு நேரமில்லை என்று மனதில் மடித்து வைத்துக்கொண்டாள்.

பெயர் விற்ற கம்பெனியின் உதவி எண்ணை மகள் அழைத்தாள். பாட்டு ஓடி முடிந்து ஒரு பெண்குரல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க மேடம், நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

"எக்ஸ் என்னுன்னு ஆரம்பிக்கிற குப்பை ஒண்ணு எங்க கணக்குல இருக்குங்க."

"அது குப்பை இல்லைங்க மேடம். ஆங்கிலம் இல்லாத எழுத்துல பேர் வாங்கினா, மெஷினுக்குப் புரியற மாதிரி அப்படி மாத்தி வெச்சிருக்கும். எங்க ஸ்கிரீன்லயும் அப்படித்தான் தெரியும். உண்மையான பேர் வேற எழுத்துல இருக்கும். சீனமோ, அரபியோ, தமிழோ."

"தமிழா?" என்றாள் கிழிசலக்கா.

"இருக்கலாம்ங்க. இன்னொண்ணு, இது ரொம்ப வருஷமா விடாம புதுப்பிச்சிட்டு வர்ற பேரு. யாரோ அக்கறையா வெச்சிருக்காங்க. அழிச்சது அந்தப் பேர் போற எடத்தோட நம்பர். அது எங்ககிட்ட இருக்காது. புதுசா எந்த நம்பர் போட்டாலும் பேர் அங்க போயிடும்."

ட்ரையல் ரூம் திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. "என் பேண்ட் என்னாச்சுங்க?"

எல்லோரும் அவரை மறந்தே போயிருந்தார்கள். கூரியர்காரர். பைக்கிலிருந்து இறங்கும்போது பின்பக்கம் தையல் விட்டுப்போய், பேண்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாஸ்டரின் துண்டைக் கட்டிக்கொண்டு திரைக்குள் உட்கார்ந்திருந்தார்.

"இதோ அடிச்சிட்டேன்" என்றார் மாஸ்டர். இன்னும் அதைத் தொடக்கூட இல்லை.

கிழிசலக்கா போனில் கொழுந்தனின் எண்ணைத் தேடினாள்.

"அவனுக்கு எதுக்குப் போன் பண்றே?" என்றார் மாஸ்டர்.

"பேர் வாங்கினது அவர்தானே. வேற யாரைக் கேப்பேன்? உங்க ரெண்டு பேர் சண்டை உங்களோட இருக்கட்டும். ஓவர்லாக் மெஷினை எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு அண்ணன் தம்பி பேச்சு நின்னு போன குடும்பம் நம்ம ஒண்ணுதான் இருக்கும்."

மாஸ்டர் கூரியர்காரரின் பேண்ட்டை எடுத்து மெஷினில் வைத்தார்.

கொழுந்தன் எடுத்த எடுப்பில், "அண்ணி, ஏணி மேல நிக்கிறேன். ஏசி ஒண்ணு தலைமேல தொங்குது. சீக்கிரம் சொல்லுங்க" என்றான்.

அவள் சீக்கிரம் சொன்னாள். மறுமுனையில் ஒரு நீளமான விசில்.

"அந்தப் பக்கம் இன்னுமா உயிரோட இருக்கு? ஓசியில கிடைச்ச ஒரு எடத்துல சும்மா போட்டு வெச்சேன் அண்ணி. அந்த நம்பர்லாம் எனக்கு எங்க ஞாபகம் இருக்கு. அது போகட்டும், பாப்பா புதுசா செஞ்சிருக்கிறதை அங்க காட்டச் சொல்லுங்க. பேரை மட்டும் மாத்த வேணாம்."

"வருஷா வருஷம் நீங்கதானே தம்பி அதைப் புதுப்பிச்சிட்டு வர்றீங்க? ஞாபகம் இல்லைங்கறீங்க?"

"நானா? நான் ஒரே ஒரு வருஷத்துக்கு வாங்கினதோட சரி. அப்புறம் யார் புண்ணியத்துல ஓடுதோ, எனக்கே தெரியாது."

கிழிசலக்காவின் கண் சுருங்கியது. "அது என்ன பேரு தம்பி?"

"அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு. மெஷின்ல உக்காந்திருக்காரு."

"அப்ப நான் சொல்ல மாட்டேன். அவர் வாயாலயே சொல்லட்டும். அதுக்காகத்தானே அன்னைக்கு என்னை வெளிய போடான்னாரு."

"அது ஓவர்லாக் மெஷினுக்காகத்தானே?"

கொழுந்தன் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியிருக்க வேண்டும். "மெஷினுக்கா? அப்படியா சொல்லி வெச்சிருக்காரு? ஐயோ அண்ணி, இந்த ஏசி விழுந்துடும், நான் வெக்கிறேன்."

மாஸ்டர் மெஷினை வேகமாக ஓட்டினார். தேவைக்கு மேல் வேகமாக. பேச்சு எதுவும் காதில் விழாத மாதிரி காட்டிக்கொள்வதற்குத் தையல் மெஷினை விடச் சிறந்த கருவி கிடையாது.

"அம்மா, நேரமாகுது" என்று மகள் லேப்டாப் முன் உட்கார்ந்தாள். பெயர் விற்ற கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, பூனை நடந்த வரியை அழுத்தி, காலியாக இருந்த கட்டத்தில் தான் வாடகைக்குப் பிடித்த இடத்தின் நம்பரை அடித்தாள். ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். சேமித்தாள். கொஞ்சம் பொறுத்து, அந்த வரியை எடுத்துத் திறந்து பார்த்தாள்.

வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு வரி. இப்படி ஒரு தளம் இங்கே இல்லை.

"போச்சு" என்றாள் மகள். "நம்பர் சரி. போற எடமும் சரி. அங்க போயி, அப்படி யாரும் இல்லைங்குது."

திரைக்குப் பின்னாலிருந்து கூரியர்காரர் கேட்டார், "வீட்டுல சொல்லியாச்சா?"

"எந்த வீட்டுல?"

"நான் பார்சலை எடுத்துட்டுப் போறேன். தெரு சரி, டோர் நம்பர் சரி. கதவைத் தட்டறேன். உள்ள இருந்து ஒருத்தர் வந்து, அப்படி யாரும் இங்க இல்லப்பான்னு சொல்றாரு. ஏன்? புதுசா குடி வந்தவங்க பேரை வீட்டுக்காரருக்குத் தெரியாது. எனக்கு நம்பர் குடுத்தா மட்டும் போதாதும்மா. அந்த வீட்டுலயும் சொல்லி வெக்கணும், இந்தப் பேருல யார் வந்து கேட்டாலும் அது நாங்கதான்னு. வீடு ஒத்துக்கலைன்னா பார்சல் ரிட்டர்ன்தான். என் பேண்ட் மாதிரி இங்கயே கிடக்க வேண்டியதுதான்."

மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வாடகை எடத்துலயும் அந்தப் பேரைச் சேக்கணும். அதான் விட்டுப்போச்சு."

"அப்ப அந்தப் பேர் என்னன்னு இப்பத் தெரிஞ்சிடுமா?" என்றாள் கிழிசலக்கா. கோட்டை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு எழுந்து வந்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டல் வேலை கிடைத்தால் மழை மாதங்களில் மெஷின் நிற்காது, ஜன்னல் பக்கத்துக்கு இன்னோர் ஆளைப் போடலாம் என்று ஒரு வாரமாக அவள் போட்டு வந்த கணக்கெல்லாம் அந்த நிமிஷத்தில் பின்னால் போயிருந்தது. தன் கடைக்கே தெரியாமல் தன் கடைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த அந்தப் பெயர் எது? அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி ஓர் இழைகூடக் கோர்க்க முடியாது போலிருந்தது.

"வாடகை எடத்துல சேர்த்ததும் தமிழ்ல காட்டும்னு நினைக்கிறேன். அந்தப் பூனை வரியை இங்க எடுத்து..."

லேப்டாப் அணைந்தது.

சுவரோரம் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் லேப்டாப்பின் பிளக், இன்னொரு கையில் அயர்ன் பாக்ஸின் பிளக்.

"அப்பா."

"பேண்ட்டைத் தேய்க்கணும்ல" என்றார். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கைப்பழக்கத்தில் செய்தாரா, வேண்டுமென்றே செய்தாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

லேப்டாப் திரும்ப எழுந்தபோது பெயர்க் கம்பெனி கடவுச்சொல் கேட்டது. காலையில் அவசரத்தில் வைத்த புதிய கடவுச்சொல்லை மகள் ஒரு மாதிரி அடித்தாள், தவறு. பெரிய எழுத்து போட்டு அடித்தாள், தவறு. புள்ளியை முன்னால் வைத்து அடித்தாள். பாதுகாப்பு கருதிப் பூட்டியிருக்கிறோம், சற்று நேரம் கழித்து வரவும் என்று கதவைச் சாத்தியது. உதவி எண்ணில் பாட்டு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. லிங்க்கைக் கேட்கலாம் என்று ஓட்டல் மேடத்தை அழைத்தால், போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கொழுந்தனும் போனை எடுக்கவில்லை. ஏசி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

வாடகை இடத்தின் பக்கம் மட்டும் திறந்தது. 'உங்கள் பெயரைச் சேர்க்கவும்' என்று ஒரு நீளக் கட்டம் காலியாகக் காத்திருந்தது.

"எக்ஸ், என், ரெண்டு கோடு. அதுக்கு மேல எனக்கு ஞாபகம் இல்லம்மா. பூனை எப்படி நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" மகளின் குரல் உடைந்தது. "அவங்க உக்கார்ற நேரமாச்சு."

பெயின்ட் டப்பா நிறைந்திருந்ததால் சொட்டும் சத்தம்கூட மாறி, களக் களக் என்றது.

கிழிசலக்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. "என்னங்க" என்றாள், அவ்வளவுதான். "தம்பி சொன்னது கேட்டுச்சுல்ல. அது என்ன பேருன்னு உங்களுக்குத் தெரியும். சொல்லிடுங்க. போர்டுல போட வேணாம். நீங்க என்னை அப்படிக் கூப்பிடவும் வேணாம்."

கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சொன்ன பிறகுதான் தனக்கு ஏற்கெனவே பாதி தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

மாஸ்டர் வாயைத் திறந்தார். மூடினார். தொண்டையைச் செருமினார். மறுபடி திறந்தார். வரவில்லை. இத்தனை வருஷம் வராத ஒன்று, மூன்று மணிக்காக மட்டும் வந்துவிடுமா?

அவர் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். கூரியர்காரரின் பேண்ட்டைப் பலகையில் விரித்து, மடிப்பை விரலால் நீவினார்.

"எக்ஸ்" என்றார் சுவரிடம். "என். ரெண்டு கோடு. சி. எல். மறுபடி சி. அப்புறம் ரெண்டு ஏ, சேத்து அடி. ஒரு எஸ்..."

மகள் வாயைப் பிளந்தபடி அடித்துக்கொண்டே போனாள். தன் பேரை ஆங்கிலத்தில் எழுதவே எழுத்துக்கூட்டுகிற மனுஷன், எந்த அர்த்தமும் இல்லாத அந்த எழுத்துகளை, அளவு ஒப்பிக்கிற மாதிரி, ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் சொல்லிக்கொண்டே போனார். இடுப்பு இத்தனை, நீளம் இத்தனை, தொடை இத்தனை என்கிற அதே குரலில். "டாட் காம்" என்று முடித்துவிட்டு, பேண்ட்டைத் திருப்பிப் போட்டார்.

மகள் அழுத்தினாள். கட்டம் ஒரு விநாடி சுழன்றது. பூனை நடந்த தடம் மறைந்து, அந்த இடத்தில் தமிழ் எழுத்துகள் வந்து உட்கார்ந்தன.

கிழிசலக்கா.

படித்தது மகள்தான், மெதுவாக. திரைக்குப் பின்னால் கூரியர்காரர், "அட, இவங்க பேருதானா? நானும் முன்ன ஒரு தடவை அந்தப் பேரைத் தட்டித்தானே இந்தக் கடையைத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

"இப்பத் திற" என்றாள் அம்மா.

திறந்தது. மகள் செய்த புதுப் பக்கம், ஜன்னலோரத்துக் கையும் ஊசியும் கருநீலத் துணியுமாக, அந்தப் பெயருக்குக் கீழே விரிந்தது. 'மாஸ்டர் ஆல்ட்ரேஷன்ஸ்' என்று கீழே சின்னதாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் போன் சிணுங்கியது. ஓட்டல் மேடம். 'திறந்தாச்சு. பழசை விட நல்லா இருக்கு. பெரியவர் போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்க்கிறார்.'

கிழிசலக்கா அதை ஒரு தடவை படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு தேய்க்கும் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அயர்ன் பாக்ஸ் பிளக் இன்னும் தரையில்தான் கிடந்தது. மாஸ்டர் ஆறிப்போன இரும்பால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி அன்னைக்குப் போர்டை மாத்தலாம்னு சொன்னாரு. அதானே?"

"வேலை அண்ணியோடது, போர்டு மட்டும் உங்களோடதான்னு கேட்டான்" என்றார் அவர், நிமிராமல். "கோவம் வந்துடுச்சு. கிழிசல்னு போர்டு வெச்சா எவன் நல்ல துணி குடுப்பான்னு கத்தினேன். போயிட்டான்."

"சரி. அது போகட்டும். அந்தப் பூனை எழுத்து எப்படி உங்களுக்கு இவ்வளவு மனப்பாடம்?"

அவர் பேண்ட்டின் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் போன மறு வருஷம் கடை போனுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. இந்தத் தேதிக்குள்ள புதுப்பிக்கலைன்னா இந்தப் பேரை வேற யார் வேணா எடுத்துக்கலாம்னு" என்றார். "அது எப்படி வேற எவனோ எடுத்துக்கிறது? மொபைல் கடையில போயி, ஒவ்வொரு எழுத்தா சொல்லி, அன்னையிலேர்ந்து நான்தான் புதுப்பிச்சிட்டு வர்றேன்."